‘ரவிவர்மா ஒரிஜினல்’ என்று பில் எழுதும் முன்

தமிழ்நாடு–கேரள எல்லையில் இருக்கும் களியக்காவிளையில் எங்களுக்கு ஒரு ஃப்ரேம் கடை. கண்ணாடி வெட்டுவது, படத்துக்குச் சட்டம் அடிப்பது, இதுதான் அப்பா விட்டுப்போன தொழில். பழைய படங்களை வாங்கி விற்பது என் காலத்தில் வந்து ஒட்டிக்கொண்டது. எல்லைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பழைய தறவாட்டு வீடுகளை இடித்துக்கொண்டே இருக்கிறார்கள். நிலையும் உத்திரமும் மர வியாபாரிக்குப் போகும். உருளியும் குத்துவிளக்கும் பாத்திரக்காரருக்குப் போகும். சுவரில் தொங்கிய படங்கள் ஆக்கர் கடை, அதாவது பழைய சாமான் எடைக்கு வாங்கும் கடை, வழியாக என்னிடம் வரும்.

2014-ல் அப்படி வந்த ஒரு சரஸ்வதி படத்தை மார்த்தாண்டம் பக்கத்து ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒருவருக்கு 14,000 ரூபாய்க்கு விற்றேன். சேலைக்கு ஜரிகை ஒட்டி, ஓரம் பழுத்துப்போன படம். பில்லில் ‘ரவிவர்மா ஒரிஜினல் – 1’ என்று எழுதி, கடை சீல் வைத்துக் கொடுத்தேன். நாலு மாதம் கழித்து படத்தோடும் ஒரு பூதக்கண்ணாடியோடும் வந்து நின்றார். திருவனந்தபுரத்தில் இருக்கும் அவர் மருமகன் சட்டத்தைக் கழற்றிப் பார்த்திருக்கிறார். மவுண்ட் அட்டைக்கு அடியில் வேறு ஏதோ அச்சகத்தின் பெயர். கண்ணாடி வைத்துப் பார்த்தால் வரிசை வரிசையாக ஒரே அளவுப் புள்ளிகள். ஆஃப்செட் அச்சு, அதாவது பிற்கால இயந்திர அச்சு. ஜரிகை மட்டும்தான் பழசு, அதுவும் வேறெங்கிருந்தோ பிரித்து ஒட்டியது.

“சாரே, பழைய படம்னுதானே சொன்னேன்,” என்றேன்.

“வாயால என்ன சொன்னேன்னு நான் கேக்கல டே. பில்லுல என்ன எழுதியிருக்கன்னு நீயே வாசி.”

வாசித்தேன். பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பரம்பரையாகச் சட்டம் அடிக்கிறவன், சட்டத்தைக் கழற்றிப் பார்க்காமல் விற்றதால் வந்த வினை. மற்றச் சட்டமும் அன்றைக்குத் தெரியாது. அதற்குப் பிறகு குழித்துறை கோர்ட் வக்கீல்களிடம் கேட்டும் புத்தகம் வாங்கிப் படித்தும் தெரிந்துகொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். நான் வக்கீல் இல்லை. பெரிய தொகை மாட்டியிருந்தால் இதை வாசித்துவிட்டு நேரே வக்கீலிடம் போங்கள்.

முதல் வேலை: ‘ரவிவர்மா படம்’ என்றால் எது?

எங்கள் ஊர் ஆச்சிகளுக்கு, கண்ணாடி போட்ட லட்சுமி எல்லாமே ரவிவர்மா படம்தான். சிவகாசிக் காலண்டரைக் கத்தரித்து மாட்டியிருந்தாலும் அதே பெயர்தான். வீட்டில் சொல்லும்போது ஒரு கெடுதலும் இல்லை. விலை பேசும்போதுதான் அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது ஐந்து வேறு பொருள்கள் இருப்பது தெரியவரும்.

கிளிமானூரில் 1848-ல் பிறந்து 1906-ல் இறந்த ராஜா ரவிவர்மா தன் கையால் வரைந்த எண்ணெய் ஓவியம் ஒன்று. அது உங்களுக்கும் எனக்கும் ஆக்கர் கடையில் கிடைக்கப் போவதில்லை. தம்பி ராஜராஜவர்மா கூடவே இருந்து வேலை செய்தவர், அவர் கை கலந்த படங்கள் உண்டு. மூன்றாவது, அவர் படத்தைப் பார்த்து மற்றவர்கள் வரைந்த நகல். இது ஏராளம், நல்ல நகலும் உண்டு. நாலாவது, 1894-ல் பம்பாயில் அவர் தொடங்கிய அச்சகத்தின் கல் அச்சுப் படம், அதாவது ஓலியோகிராஃப். ஐந்தாவது, எவரோ எப்போதோ போட்ட மறு அச்சு.

இதில் நாலாவதில்தான் புதியவர்கள் வழுக்கி விழுகிறார்கள். அச்சகம் பிறகு லோனாவ்லா பக்கம் மாளவ்லிக்குப் போனது. 1900-களின் தொடக்கத்தில் ஷ்லைகர் என்ற ஜெர்மன் தொழில்நுட்பக்காரரின் கைக்கும் மாறிவிட்டது. கைமாறிய பின்னும் ‘ரவிவர்மா பிரஸ்’ என்ற பெயரிலேயே அச்சிட்டார்கள், வேறு ஓவியர்களின் படங்களையும் அச்சிட்டார்கள். ஆகவே படத்தின் அடியில் ‘ரவிவர்மா பிரஸ், கார்லா–லோனாவ்லா’ என்று இருந்தால் அது அச்சகத்தின் பெயர். வரைந்தவர் யார் என்பதற்கு அது சாட்சி ஆகாது. இந்த ஒரு வித்தியாசத்தை மட்டும் மனதில் வைத்துக்கொண்டால் பாதித் தகராறு தீர்ந்தது.

எண்ணெய் ஓவியத்துக்கும் ஒரு எச்சரிக்கை. திருவிதாங்கூர் அரண்மனையில் ரவிவர்மாவுக்கு முன்பே தமிழ் ஓவியர்கள் இருந்தார்கள். மதுரையிலிருந்து வந்த அழகிரி நாயுடு, அதன்பின் ராமசாமி நாயக்கர், இளம் ரவிவர்மாவுக்கு எண்ணெய் வண்ணத்தின் சூட்சுமத்தைச் சொல்லிக் கொடுத்ததாகச் சொல்லப்படும் ஆறுமுகம் பிள்ளை. கையெழுத்தில்லாத ஒரு பழைய பிரபுவின் உருவப்படம் கிடைத்தால், அதற்கு ரவிவர்மா பெயரைப் போடுவது சோம்பேறித்தனம். இவர்கள் வழியில் வந்தவர்கள் எவர் வேண்டுமானாலும் வரைந்திருக்கலாம். எனக்கு இதில் கொஞ்சம் வருத்தமும் உண்டு. நம்மாட்கள் வரைந்ததையே அவர் பெயரில் விற்றுக்கொண்டிருக்கிறோமோ என்று.

அடுத்து: கழற்றிப் பார்

சட்டத்தோடு வாங்காதீர்கள். விற்கிறவர் கழற்றச் சம்மதிக்கவில்லை என்றால் அன்றைக்கு வாங்க வேண்டாம். பின்பக்கத்து ஆணி, பலகை, ஒட்டிய பழைய செய்தித்தாள் எல்லாவற்றையும் கழற்றும் முன்னும் பின்னும் போட்டோ எடுங்கள்.

கையில் இரண்டு சாமான் போதும். பத்து மடங்கு பெரிதாக்கும் லென்ஸ் ஒன்று, யூவி டார்ச் ஒன்று. லென்ஸில் ஒழுங்கான புள்ளி வரிசை தெரிந்தால் ஆஃப்செட். ஒழுங்கில்லாமல் மணல் தூவியது போல் நிறத்துகள்கள் ஒன்றின்மேல் ஒன்று கிடந்தால் கல் அச்சாக இருக்க வாய்ப்புண்டு. இருட்டில் யூவி அடிக்கும்போது வெள்ளைத் தாள் பளீரென்று நீலமாக ஒளிர்ந்தால், அந்தத் தாள் 1950-களுக்குப் பிந்தியது என்று பெரும்பாலும் கொள்ளலாம். வெளுப்பேற்றும் ரசாயனம் தாளில் கலக்க ஆரம்பித்தது அப்போதுதான். எண்ணெய் ஓவியத்தில் பழைய வார்னிஷ் பச்சையாகத் தெரியும், பின்னால் யாரோ தொட்டுத் தீட்டிய இடங்கள் கறுப்பாகத் தெரியும். கையெழுத்து இருக்கும் மூலை மட்டும் கறுப்பாகத் தெரிந்தால் படத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு சாயா குடித்துவிட்டு வாருங்கள்.

லட்சக் கணக்கில் விலை என்றால் ஆய்வகப் பரிசோதனை வேண்டும். உதாரணத்துக்கு டைட்டானியம் வெள்ளை. அந்த நிறம் ஓவியர்கள் கைக்கு வந்தது 1920-களை ஒட்டித்தான். 1906-ல் இறந்தவர் அதைத் தொட்டிருக்க முடியாது. ஆனால் பிறகு பழுதுபார்த்தவர் தொட்டிருக்கலாம். அதனால் எந்த அடுக்கில் இருந்தது என்று கேட்காமல் ரிப்போர்ட்டை நம்பாதீர்கள்.

படம் எங்கிருந்து வந்தது என்பதும் விலையில் பாதி. பாகப்பத்திரத்தில் ‘சுவர்ப்படங்கள்’ என்று ஒரு வரி இருக்கலாம். கல்யாண போட்டோவில் பின்னால் சுவரில் அந்தப் படம் தொங்கியிருக்கலாம். 1956 நவம்பர் 1-க்கு முன் எல்லையின் இரண்டு பக்கமும் ஒரே நாடாகக் கிடந்ததால், இங்குள்ள வீட்டுக் காகிதம் நெய்யாற்றின்கரையிலும், அங்குள்ள காகிதம் தக்கலையிலும் கிடைக்கும். தேடச் சோம்பக் கூடாது.

சட்டம் எதைப் பிடிக்கும்?

தவறாகப் பெயர் சொல்லி விற்றவர் வேண்டுமென்றே சொன்னாரா, தானும் நம்பித்தான் சொன்னாரா என்பதைத்தான் முதலில் பிரிக்க வேண்டும். 2021-ல் கொச்சியில் மோசேயின் கைத்தடி, திப்பு சுல்தானின் சிம்மாசனம் என்று சொல்லிப் பணம் பறித்ததாக ஒருவர் கைதானது நினைவிருக்கும். அப்படித் தெரிந்தே ஏமாற்றினால் அது வஞ்சனை. பழைய தண்டனைச் சட்டத்தில் 420, அதற்குப் பதில் வந்த பாரதிய நியாய சன்ஹிதாவில் 318. ஏழு வருடம் வரை சிறை உண்டு. ஆனால் ஒரு படம் பொய்யாகிவிட்டது என்பதற்காக உடனே போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடாதீர்கள். விற்றவரும் நம்பியிருந்தால் அது கிரிமினல் கேஸாக நிற்காது. சிவில் பொறுப்பு வேறு, அதற்குக் கெட்ட எண்ணம் தேவையில்லை. என் விஷயத்தில் நான் யாரையும் ஏமாற்ற நினைக்கவில்லை, ஆனாலும் பணம் கொடுக்க வேண்டியவன் நான்தான்.

காரணம் 1930-ம் வருடத்துச் சரக்கு விற்பனைச் சட்டம். அதன் 15-ம் பிரிவு, வர்ணனை சொல்லி விற்ற பொருள் அந்த வர்ணனைக்குப் பொருந்த வேண்டும் என்கிறது. ‘ரவிவர்மா பிரஸ் அச்சு’ என்று விற்றால் அது ரவிவர்மா பிரஸ் அச்சாக இருக்க வேண்டும். அவ்வளவுதான். ‘எனக்குத் தெரியாது’ என்பது பதில் அல்ல. அதே சட்டத்தின் 16-ம் பிரிவு எதிர்ப்பக்கம் பேசும்: தரத்துக்குப் பொதுவாக விற்பவர் உத்தரவாதம் இல்லை, வாங்குகிறவர் பார்த்து வாங்கு. ஆகவே பெயர் சொல்லாமல் ‘பழைய சாமி படம்’ என்று விற்றவரைப் பிடிப்பது கஷ்டம். பெயர் சொன்னவரைப் பிடிப்பது எளிது.

1872-ம் வருடத்து ஒப்பந்தச் சட்டமும் கூட வரும். தவறான தகவலை உண்மை என்று நம்பிச் சொல்லி ஒருவரைச் சம்மதிக்க வைத்தால் அது 18-ம் பிரிவு. 19-ன்படி வாங்கினவர் ஒப்பந்தத்தை ரத்து செய்யலாம். ஆனால் 19-ல் ஒரு வால் இருக்கிறது. சாதாரணக் கவனத்தோடு பார்த்திருந்தால் உண்மை தெரிந்திருக்கும் என்றால் ரத்து கிடையாது. மேலே லென்ஸ், டார்ச் என்று இவ்வளவு எழுதியதற்கு அதுவும் ஒரு காரணம். சிலர் 20-ம் பிரிவைச் சொல்வார்கள், இருவரும் தவறாக நம்பினால் ஒப்பந்தமே செல்லாது என்று. விலை மதிப்பைப் பற்றிய தவறு இதில் சேராது என்று அந்தப் பிரிவின் விளக்கமே சொல்கிறது. உங்கள் வக்கீல் இதை முதல் வாதமாக எடுத்தால் இன்னொரு வக்கீலையும் ஒரு முறை பாருங்கள்.

லண்டனில் நடந்த இரண்டு வழக்குகள்

இந்தச் சட்டங்கள் ஆங்கிலேயர் வைத்துவிட்டுப் போனவை. அதனால் அவர்கள் ஊர்த் தீர்ப்புகளை இங்கும் வக்கீல்கள் எடுத்துக் காட்டுவார்கள். இரண்டைத் தெரிந்துகொண்டால் போதும்.

1944-ல் லீஃப் என்பவர் ஒரு காலரியில், அதாவது ஓவியம் விற்கும் கடையில், கான்ஸ்டபிள் என்ற ஆங்கில ஓவியர் வரைந்த சாலிஸ்பரி தேவாலயம் என்று 85 பவுண்டுக்கு ஒரு படம் வாங்கினார். ஐந்து வருடம் கழித்து விற்கப் போனபோதுதான் அது கான்ஸ்டபிள் இல்லை என்று தெரிந்தது. படத்தை எடுத்துக்கொள், பணத்தைக் கொடு என்று வழக்குப் போட்டார். 1950-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம் முடியாது என்றது. ஐந்து வருடம் வீட்டில் வைத்திருந்துவிட்டு இப்போது திருப்பிக் கொடுக்க முடியாது என்பதுதான் சுருக்கம். நஷ்ட ஈடு கேட்டிருந்தால் கதை வேறாக இருந்திருக்கும், அவர் அதைக் கேட்கவில்லை.

நம் சரக்கு விற்பனைச் சட்டத்திலும் அதே நிலைதான். பொருளை ஏற்றுக்கொண்டுவிட்டால் 13-ம் பிரிவுப்படி திருப்பித் தள்ளும் உரிமை போய்விடும், 59-ன்படி நஷ்ட ஈடு மட்டும் மிஞ்சும். நியாயமான காலம் கடந்தும் ஒன்றும் சொல்லாமல் வைத்திருந்தாலே ஏற்றுக்கொண்டதாக அர்த்தம், அது 42. ஒரு கணக்கு: பழைய அச்சு என்று 60,000 கொடுத்து வாங்கிய படம் உண்மையில் 6,000 தான் பெறும் என்றால், படம் உங்களிடமே இருக்கும், நீங்கள் கேட்கக்கூடியது 54,000.

இரண்டாவது வழக்கு எனக்குப் பிடித்தது, ஏனென்றால் அதில் பில்லில் பெயர் இருந்தும் வாங்கினவர் தோற்றார். 1984-ல் லண்டன் வியாபாரி ஹல் என்பவரிடம், கேப்ரியேல் மூன்டர் என்ற ஜெர்மன் ஓவியரின் படம் என்று ஒன்று இருந்தது. வாங்க வந்தது ஜெர்மன் ஓவியங்களிலேயே பழக்கமுள்ள இன்னொரு காலரி. ‘எனக்கு இந்த ஓவியரைப் பற்றி ஒன்றும் தெரியாது’ என்று ஹல் வெளிப்படையாகச் சொல்லிவிட்டார். வந்தவர்கள் விசாரிக்காமல் 6,000 பவுண்டு கொடுத்து வாங்கினார்கள். படம் போலி. வழக்கு மேல்முறையீடு வரை போனது. மூன்று நீதிபதிகளில் இருவர், வாங்கினவர் விற்றவரின் வார்த்தையை நம்பி வாங்கவில்லை, தன் கண்ணை நம்பித்தான் வாங்கினார், ஆகவே இது வர்ணனை சொல்லி விற்ற விற்பனை அல்ல என்றார்கள்.

எனவே சொன்னது யார் என்பதோடு, நம்பினது யார், எதை நம்பி என்பதும் கேள்வி. தலைமையாசிரியர் என் வார்த்தையை நம்பினார், நான் படக்கடைக்காரன். அவர் இடத்தில் திருவனந்தபுரம் சாலை பஜாரில் முப்பது வருடம் பழைய சாமான் விற்கும் ஒரு சேட்டன் வந்து வாங்கியிருந்தால், என் கதையே வேறு.

யார் யார் மாட்டுவார்கள்

விற்ற கடைக்காரர் முதலில். பிறகு தரகர். நம் பக்கத்தில் “ஒரு பார்ட்டி இருக்கு, பேரு சொல்லப்படாது” என்று சொல்லித்தான் பெரிய படங்கள் கைமாறும். ஒப்பந்தச் சட்டம் 230-ஐ அந்தத் தரகர்கள் படித்ததில்லை. பொருளின் சொந்தக்காரர் பெயரை வெளியே சொல்லாத தரகர், தானே பொறுப்பேற்றதாகத்தான் சட்டம் அனுமானிக்கும். விற்கிறவராக இருந்தால் பெயரைச் சொல்லிவிடுங்கள். வாங்குகிறவராக இருந்தால் தரகரிடமே எழுதி வாங்குங்கள்.

ஏலக் கம்பெனிகள் வேறு ரகம். விற்பனை நிபந்தனைகள் என்று பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருப்பதை முழுக்கப் படிக்காமல் கை தூக்காதீர்கள். எத்தனை நாளுக்குள், எந்தக் காரணத்துக்குத் திருப்பலாம் என்பதெல்லாம் அங்கேதான் இருக்கும். கேட்டலாக்கில் வரும் சொற்களுக்கும் தனி அகராதி உண்டு. வெறும் ஓவியர் பெயர் மட்டும் இருந்தால், அவர் வரைந்தது என்று அவர்கள் கருதுகிறார்கள். ‘அட்ரிபியூட்டட் டு’ என்றால் அவராக இருக்கலாம். ‘ஸ்டூடியோ ஆஃப்’ என்றால் அவர் பட்டறையில் யாரோ. ‘சர்க்கிள் ஆஃப்’ என்றால் அவரோடு தொடர்புள்ள, அதே காலத்து ஆள். ‘மேனர் ஆஃப்’ என்றால் பாணி மட்டும். ‘ஆஃப்டர்’ என்றால் பார்த்து வரைந்த நகல். ‘சைன்ட்’ என்பதும் ‘பேர்ஸ் சிக்னேச்சர்’ என்பதும் ஒன்று என்று நினைத்தால் போச்சு. இரண்டாவதற்கு, கையெழுத்து இருக்கிறது, ஆனால் அது அவர் போட்டது என்று நாங்கள் சொல்லவில்லை என்று பொருள்.

சான்றிதழ் கொடுக்கும் நிபுணர்? அவருக்கு நீங்கள் ஃபீஸ் கொடுத்திருந்தால் அது சேவை. கவனக்குறைவாகச் சொன்னால் கேள்வி கேட்கலாம். நேர்மையாகப் பார்த்தும் தப்பாகப் போன கருத்துக்கு அவர் பொறுப்பாக மாட்டார். விற்கிறவரே அச்சடித்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுக்கும் சான்றிதழைப் பார்த்துச் சிரிக்க வேண்டாம், பத்திரமாக வையுங்கள். அது நிபுணர் கருத்து அல்ல, ஆனால் விற்றவரின் இரண்டாவது வாக்குமூலம்.

பில்

இப்போது என் கடையில் எழுதுவது இப்படி:

‘லட்சுமி, அச்சுப்படம். கீழே ரவிவர்மா பிரஸ், கார்லா–லோனாவ்லா என்று அச்சிட்டிருக்கிறது. 20 × 14 அங்குலம். அச்சிட்ட வருடம் தெரியாது. சேலையில் ஜரிகை பின்னால் ஒட்டியது. வலது கீழ் மூலையில் செல் அரித்த துளை 3. சட்டம் கழற்றி வாங்குபவர் பார்த்தார். விலை 9,500.’

பார்த்ததை மட்டும் எழுதுகிறேன். நினைப்பதை எழுத நேர்ந்தால் ‘என் கருத்து’ என்று எழுதுகிறேன். ‘ஒரிஜினல்’ என்ற சொல்லை பில் புத்தகத்தில் இருந்தே எடுத்துவிட்டேன். அது எதற்கு ஒரிஜினல் என்று கேட்டால் யாராலும் பதில் சொல்ல முடியாது. ‘விற்ற பொருள் திரும்பப் பெறப்படமாட்டாது’ என்று சீல் அடித்துவிட்டால் தப்பித்தோம் என்று பல கடைக்காரர்கள் நினைக்கிறார்கள். சரக்கு விற்பனைச் சட்டம் 62, நிபந்தனைகளை ஒப்பந்தத்தால் விலக்கிக்கொள்ள இடம் கொடுப்பது உண்மை. ஆனால் பொய்க்கு அது குடை பிடிக்காது, நுகர்வோர் ஆணையத்தில் அந்தச் சீலுக்குப் பெரிய மரியாதையும் கிடையாது.

வாங்குகிறவர்கள் பில் இல்லாமல் நகரவே கூடாது. பில் கொடுக்காமல் இருப்பதையே முறையற்ற வணிக நடைமுறை என்று 2019-ம் வருடத்து நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் சொல்கிறது. கேரளப் பக்கத்தில் வாங்கினால் பில் மலையாளத்தில் இருக்கும். ‘ரவிவர்ம சித்ரம்’ என்று எழுதித் தருவார்கள். ரவிவர்மா வரைந்த படம் என்றும் எடுக்கலாம், ரவிவர்மா பாணிப் படம் என்றும் எடுக்கலாம். அந்த இடத்திலேயே கேட்டு, ‘வரைந்தது யார், அச்சிட்டது யார்’ என்று இரண்டு வரி சேர்த்து எழுதச் சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் பேசிய விலை, வாய்ஸ் மெசேஜ் எதையும் அழிக்காதீர்கள். அவற்றைக் கோர்ட்டில் வைக்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாக்ஷ்ய அதினியம் 63-ன்படி ஒரு சான்று வேண்டும். போனை மாற்றினாலும் பழைய போனைத் தூக்கிப் போடாதீர்கள்.

தப்பு தெரிந்த நாளில் இருந்து

அன்றைக்கே எழுதுங்கள். போனில் சண்டை போடுவதை விட, ‘இன்ன தேதியில் வாங்கிய படம் நீங்கள் சொன்னது அல்ல, இன்ன காரணம், இதை நான் ஏற்கவில்லை, எடுத்துக்கொண்டு பணத்தைக் கொடுங்கள்’ என்று ஒரு மெசேஜ், அதன்பின் சேர்ந்ததற்கு ஒப்புகையோடு ஸ்பீட் போஸ்ட். லீஃப் செய்யாமல் விட்டது இதைத்தான்.

அதன்பின் படத்தைத் தொடாதீர்கள். துடைப்பது, சட்டம் மாற்றுவது, வார்னிஷ் அடிப்பது, பேங்கில் அடகு வைப்பது, வேறொருவருக்கு விலை பேசுவது, எதுவும் கூடாது. சொந்தக்காரன் போல நடந்துகொண்டால் ஏற்றுக்கொண்டதாகிவிடும், சாட்சியமும் கெட்டுவிடும். பொய் என்று நிரூபிக்க வேண்டியது நீங்கள்தான், விற்றவர் அல்ல. ஆகவே எழுத்தில் ஒரு நிபுணர் கருத்தாவது வாங்கிக்கொள்ளுங்கள்.

எந்தப் படியேறுவது?

எல்லையில் இருப்பவர்களுக்கு இது நல்ல செய்தி. திருவனந்தபுரத்தில் வாங்கியிருந்தாலும், நீங்கள் குடியிருப்பது கன்னியாகுமரி மாவட்டம் என்றால் நாகர்கோவில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலேயே மனு கொடுக்கலாம். எல்லைக்கு அந்தப் பக்கத்துப் பாறசாலைக்காரர் என் கடையில் வாங்கினால் அவர் திருவனந்தபுரத்திலேயே என் மேல் கொடுக்கலாம், நான் பஸ் ஏற வேண்டும். கொடுத்த விலை 50 லட்சம் வரை மாவட்ட ஆணையம், அதற்கு மேல் 2 கோடி வரை மாநில ஆணையம், அதற்கும் மேல் தேசிய ஆணையம். 5 லட்சம் வரை மனுவுக்குக் கட்டணமே கிடையாது. இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மலையாள பில்லுக்கு மொழிபெயர்ப்பு சேர்த்துக்கொள்ளுங்கள். 1915 என்ற உதவி எண்ணில் முதலில் பேசிப் பார்க்கலாம்.

ஒரு கண்ணி உண்டு. மறுபடி விற்கவோ வியாபாரத்துக்கோ வாங்கினவர் நுகர்வோர் அல்ல. ‘நாளைக்கு நல்ல விலை போகும்னுதான் வாங்கினேன்’ என்று வாங்கும்போது வாட்ஸ்அப்பில் எழுதிவைத்தால், எதிர்த் தரப்பு வக்கீல் அதைத்தான் முதலில் காட்டுவார். அவர்களுக்கு சிவில் கோர்ட்தான். அங்கே பொதுவாக மூன்று வருடக் கெடு. மோசடியோ தவறோ காரணம் என்றால், கண்டுபிடித்த நாளில் இருந்து, அல்லது கவனமாக இருந்திருந்தால் கண்டுபிடித்திருக்கக்கூடிய நாளில் இருந்து கெடு ஓடும் என்கிறது 1963-ம் வருடத்துக் காலவரையறைச் சட்டம் 17.

நூறு வருடம் தாண்டியது என்றால்

100 வருடம் கடந்த ஓவியம் தொல்பொருள். 1972-ம் வருடத்துத் தொல்பொருள், கலைப் பொக்கிஷச் சட்டப்படி அதைப் பதிவு செய்ய வேண்டும், அதை வாங்கி விற்கும் தொழிலுக்கு லைசென்ஸ் வேண்டும். ரவிவர்மாவின் ஓவியங்களை 1979-ல் கலைப் பொக்கிஷமாக அறிவித்துவிட்டார்கள். நாட்டை விட்டு வெளியே கொண்டுபோக முடியாது. இங்கே பாதி வீடுகளில் ஒருவர் வளைகுடாவில் இருப்பதால் சொல்கிறேன்: ‘ரவிவர்மா ஓவியம்’ என்று பில் எழுதி, மச்சான் லக்கேஜில் துபாய்க்குக் கொடுத்தனுப்பாதீர்கள். பில் உண்மையானால் ஏர்போர்ட்டில் அவருக்கு ஆபத்து, பொய்யானால் கடைக்காரருக்கு ஆபத்து.

தலைகீழ்த் தவறு

பெயரைக் கூட்டிச் சொல்வது மட்டும் தவறல்ல. நல்ல படத்தைத் தெரியாமல் அற்ப விலைக்குத் தள்ளிவிடுவதும் உண்டு, எங்கள் பக்கத்தில் இதுதான் அதிகம். இங்கிலாந்தில் ஒரு குடும்பம் இரண்டு வேட்டைநாய்ப் படங்களை உள்ளூர் ஏலக்காரரிடம் கொடுத்தது. 840 கினிக்கு, அதாவது கிட்டத்தட்ட 880 பவுண்டுக்குப் போனது. சில மாதத்தில் அதே படங்கள் சதபீஸ் என்ற பெரிய ஏலக் கம்பெனியில் ஸ்டப்ஸ் என்ற பெரிய ஓவியரின் பெயரில் 88,000 பவுண்டுக்கு விலை போயின. குடும்பம் ஏலக்காரர் மேல் வழக்குப் போட்டு, மேல்முறையீட்டில் தோற்றது. ஊர் ஏலக்காரர் குடும்ப டாக்டர் மாதிரி, பெரிய ஸ்பெஷலிஸ்ட் அளவுக்குத் தெரிந்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது என்றார்கள்.

இங்கும் அப்படித்தான். 500 ரூபாய்க்கு ஆக்கர்காரரிடம் தூக்கிக் கொடுத்த படம் பிறகு லட்சம் பெறும் என்று தெரிந்தால், அவர் பொய் சொல்லி வாங்கியிருந்தாலொழிய ஒன்றும் செய்ய முடியாது. எனக்கு இதில் லாபம் வருகிறது, ஆனாலும் சொல்கிறேன். வீடு இடிக்கத் தேதி குறித்தவுடன், ஆட்கள் வருவதற்கு முன்னால், சுவரில் இருக்கும் ஒவ்வொரு படத்தையும் கழற்றி முன்னும் பின்னும் போட்டோ எடுத்துவிடுங்கள். பின்பக்கப் பலகையில் பென்சிலால் ஏதாவது எழுதியிருக்கும், அதை ஈரத்துணியால் துடைத்துவிடாதீர்கள். திருவனந்தபுரம் மியூசியம் வளாகத்தில் ரவிவர்மாவின் அசல் ஓவியங்கள் இருக்கின்றன, களியக்காவிளையில் இருந்து நேர் பஸ் உண்டு. அரை நாள் அவற்றின் முன்னால் நின்று பார்த்துவிட்டு வந்து, பிறகு ஆக்கர்காரரைக் கூப்பிடுங்கள்.